சிமிலி தெரியும், உவமை தமிழ்ப் பாடம்!

சென்ற திங்களில் ஒருநாள் மாலை. பத்தாம் வகுப்பிற் பயிலும் எம் பெயர்த்தி, ஆங்கிலக் குறிப்பேட்டை மடிமேல் விரித்து வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் அசைந்தவாறே, “சிமிலி, மெட்டபர், பெர்சானிபிகேசன், அல்லிட்டரேசன், ஆனமட்டோபியா” என்று வாய்பாடு ஒப்பிப்பதுபோல் நெட்டுருச் செய்துகொண்டிருந்தாள். யாம் அருகிருந்து, “சிமிலி என்றால் என்னம்மா?” என்று வினவினோம். அவள் தலை நிமிராமலே, “லைக், ஆசு என்னும் சொல் வந்தால் சிமிலி, தாத்தா” என்றாள். “போல, ஒப்ப, அன்ன என்றெல்லாம் தமிழ்ப் பாட்டில் வருகின்றனவே, அதற்கு என்ன பெயர்?” என்றோம். “அது உவமை. அது தமிழ்ப் பாடம். தமிழ்த் தேர்வுதான் முடிந்துவிட்டதே!” என்றாள்.

இரண்டும் ஒன்றுதான் என்று யாம் சொன்னபோது அவள் முகத்திற் றோன்றிய வியப்பு எமக்கு அச்சத்தையே தந்தது. ஐந்தாறு ஆண்டுகளாக உவமையைத் தமிழ் வகுப்பிற் படித்திருக்கின்றாள். ஈராண்டுகளாகச் சிமிலியை ஆங்கில வகுப்பிற் படித்திருக்கின்றாள். இரண்டும் ஒரே தலைக்குள், ஒன்றையொன்று அறியாத இரண்டு அறைகளில், நடுச்சுவர் எழுப்பிக் கொண்டு குடியிருந்திருக்கின்றன. “உங்கள் ஆசிரியர் சொல்லவில்லையா?” என்றதற்கு, வகுப்பில் மாணவன் ஒருவன் எழுந்து, “இது உவமையா, மிசு?” என்று கேட்டதாகவும், “ஆங்கில வகுப்பில் தமிழ் பேசாதே” என்று அவனை அமர்த்திவிட்டதாகவும் சொன்னாள். அவ் வகுப்பிலேயே அறிவுடைய வினாவைக் கேட்டவன் அவன் ஒருவனே. அவனைத்தான் வாய்மூட வைத்தனர்.

அவ் வாசிரியரை யாம் குறைகூற வரவில்லை. அவர்க்கும் அவ்வாறே கற்பித்திருப்பர். பாட்டைப் படித்துச் சுவைக்குமுன், அதில் எத்தனை அணி, எவ்வடியில் எந்த அணி என்று எண்ணிக் குறித்துக்கொள்ளும் பழக்கம் தேர்வு தந்தது. பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளில் பாட்டடிகள் சிலவற்றைத் தந்து, இதில் என்ன அணி, இயைந்து வரும் சொற்கள் எவை, இயைபு முறை யாது என்று கேட்கின்றனர். விடை ஒரு சொல், அதற்கு மதிப்பெண். அவ் வொரு சொல்லின் பொருள் என்னவென்று எவரும் கேட்பதில்லை. ஆகவே, பொருளின்றியே அச் சொல் பிள்ளையின் வாய்க்குள் நுழைந்து, தேர்வுத்தாளில் இறங்கி, அதன்பின் காற்றிற் கரைந்து போகின்றது.

அன்பர்கள் சிலர், “ஆங்கில வகுப்பைப் பற்றி நமக்கென்ன கவலை? அதனை ஒழிப்பதன்றோ நம் வேலை?” என்று கேட்கக் கூடும். 1968 முதல் இந் நாட்டில் நடைமுறையில் இருப்பது தமிழும் ஆங்கிலமுமாகிய இருமொழிக் கொள்கை. ஆங்கிலம் ஒரு மொழிப்பாடம் என்னும் அளவில் பள்ளியில் இருந்துகொண்டுதான் இருக்கின்றது. நம் பிள்ளைகள் கிழமைதோறும் பல மணிநேரம் அவ் வகுப்பில் அமர்ந்துகொண்டுதான் இருக்கின்றனர். அம் மணிநேரங்களை நமக்கு வேண்டாத நிலமென்று தரிசாக விட்டுவிடுவது அறிவுடைமை ஆகாது. அந் நிலத்தில் தமிழை இழிவு செய்யும் களை முளைக்கின்றதா, தமிழின் பெருமையைத் தானே கண்டுகொள்ளும் பயிர் முளைக்கின்றதா என்பது நம் கவலையே.

இனி, அச் சொற்களையே எடுத்துப் பார்ப்போம். நம் பிள்ளைகள் ஆங்கிலம் என்று எண்ணி நடுங்கி உருப்போடும் இப் பெயர்களில் ஒன்றேனும் ஆங்கிலம் அன்று. சிமிலி என்பது இலத்தீன். ‘ஒத்தது’ என்பதே அதன் பொருள். மெட்டபர் கிரேக்கம், ‘ஓரிடத்தினின்று ஓரிடத்திற்குத் தூக்கிச் செல்லுதல்’ என்பது பொருள். ஆனமட்டோபியா கிரேக்கம், ‘பெயர் ஆக்கல்’ என்பதற்கு மேல் அதில் ஒரு மறையும் இல்லை. ஐப்பர்போலி கிரேக்கம், ‘எல்லைக்கு அப்பால் எறிதல்’. ஆக்சிமோரான் கிரேக்கம், ‘கூர்மை’ என்னும் சொல்லையும் ‘மழுக்கம்’ என்னும் சொல்லையும் ஒட்டவைத்த ஒட்டு. முரண் என்பதை விளக்கும் பெயரே முரணாக அமைந்திருக்கும் அழகை அச் சொல்லிற் காணலாம். ஆனால், அதனைக் காட்டிக் கற்பிப்பார் யார்? கிளைமாக்சு என்பது கிரேக்கத்தில் ‘ஏணி’. அல்லிட்டரேசன் என்பதோ அத்துணைப் பழஞ்சொல்லும் அன்று. எழுத்து என்னும் இலத்தீன் சொல்லினின்று, இத்தாலியப் புலவர் பொந்தானோ என்பார் பதினைந்தாம் நூற்றாண்டில் ஆக்கிக்கொண்ட புதுச்சொல். அதாவது, மோனைக்கு ஒரு பெயர் வேண்டுமென்று ஐரோப்பியர் எண்ணிப் புதுவதாக ஒன்று படைத்துக்கொண்ட நாளில், நம் யாப்பு நூல்கள் மோனையை வகுத்தும் விரித்தும் உரைகண்டும் பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன.

ஆங்கிலேயர் இவற்றையெல்லாம் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டனர் என்றும் எண்ணிவிட வேண்டா. அவர்களுள்ளும் தனிமொழிப் பற்றாளர் இருந்தனர். இவ் வரலாற்றை நம் ஆங்கில ஆசிரியர்களுட் பலரும் மாணவர்க்குச் சொல்வதில்லை. பதினாறாம் நூற்றாண்டில் இலத்தீன், கிரேக்கச் சொற்கள் வெள்ளம்போல் ஆங்கிலத்திற் புகுந்தபோது, அவற்றை ‘மைக்கூட்டுச் சொற்கள்’ என்று எள்ளியவர்கள் ஆங்கிலப் புலவர்களே. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்திற் கிரேக்கப் பேராசிரியராக இருந்த சான் சீக் என்பார், 1557 இல் தாமசு ஓபி என்பவர்க்கு வரைந்த மடலில், ஆங்கிலத்தைப் பிறமொழிக் கடனின்றித் தூயதாக எழுதல் வேண்டும் என்றார். கிரேக்கம் அறியாமையால் அவர் அவ்வாறு சொல்லவில்லை. கிரேக்கத்தைப் பிறர்க்குக் கற்பித்தவர் அவர். தம் விவிலிய மொழிபெயர்ப்பில், நூற்றுவர் தலைவனைக் குறிக்கும் செஞ்சூரியன் என்னும் இலத்தீன் சொல்லை விலக்கி, நூறு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லடியாகவே ஒரு பெயர் படைத்தார். (அவர் மடலில் ‘தூய’ என்னும் பொருளில் ஆண்ட ‘பியூர்’ என்னும் சொல்லே இலத்தீன் வழிவந்தது என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை. கலப்பு எவ்வளவு ஆழம் பாய்ந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று.)

அவர்க்குப் பின், 1573 இல் இரால்பு லீவர் என்பார் ஏரணம் பற்றி நூல் எழுதினார். லாசிக் என்னும் கிரேக்கப் பெயரை அகற்றி, ‘அறிவுத்திறம்’ என்னும் பொருளில் விட்கிராப்டு என்று அதற்குப் பெயரிட்டார். முடிபு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லுக்கு மாறாக, ‘இறுதிச்சொல்’ என்று பொருள்படும் எண்ட்சே என்பதனை ஆக்கினார். 1589 இல் வெளிவந்த ‘ஆங்கிலப் பாக்கலை’ என்னும் நூலோ நம் பொருளுக்கு நேரே வருவது. பெயர் குறியாமல் அச்சாகி, சார்சு பட்டனம் என்பார் எழுதியதென்று கொள்ளப்படும் அந் நூலில், கிரேக்க அணிப்பெயர் ஒவ்வொன்றிற்கும் ஆங்கிலப் பெயர் ஒன்று படைத்துத் தரப்பட்டுள்ளது. ஐரனிக்கு ‘உலர்ந்த நகையாட்டு’. ஐப்பர்போலிக்கு ‘எல்லை மீறுவான்’, அன்றியும் ‘உரத்த பொய்யன்’. மெட்டானிமிக்குப் ‘பெயர் மாற்றி வழங்குவான்’. ஆனமட்டோபியாவிற்குப் ‘புதுப்பெயர் இடுவான்’. எத்துணை உயிரோட்டமான பெயர்கள்! சிறுபிள்ளை ஒருமுறை கேட்டால் மறக்குமா? உரத்த பொய்யன் என்று சொன்ன அளவிலே உயர்வு நவிற்சி என்னவென்பது உள்ளத்திற் பதிந்துவிடாதா?

ஆயினும், அவை வழக்கிற்கு வரவில்லை. இன்று ஆங்கில நாட்டுப் பிள்ளைகளும் ஐப்பர்போலி என்றே படிக்கின்றனர். நம் பிள்ளைகளைப்போல் அவர்களும் அதன் பலுக்கலிலும் எழுத்துக்கூட்டலிலும் இடறி விழுகின்றனர். அப் பெயர்கள் ஏன் தோற்றன? சொற்கள் நன்றாயில்லாமையால் அன்று. அந் நாளில் அந் நாட்டுப் பள்ளிகளில் அணியிலக்கணம் கற்பிக்கப்பட்டது இலத்தீனத்தில். ஆசிரியன் வாயில் இலத்தீன், மாணவன் ஏட்டில் இலத்தீன். ஆங்கிலப் பெயர் அரண்மனையார் படிக்கும் பொத்தகத்தில் இருந்தது, வகுப்பறைக்குள் வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தார்செட்டுப் பாவலர் வில்லியம் பார்ன்சு (1801–1886) மீண்டும் அம் முயற்சியை மேற்கொண்டு, 1878 இல் கிராமர் என்னும் பெயரையே நீக்கி, ‘பேச்சுத்திறம்’ எனப் பொருள்படும் சுபீச்சுகிராப்டு என்று தம் இலக்கண நூலுக்குப் பெயரிட்டார். செடியியலுக்கும் பொதுவண்டிக்கும் பழ ஆங்கில வேரினின்றே பெயர் ஆக்கினார். பாவலராக அவரைப் போற்றினர். அவருடைய பாக்களைத் தாமசு ஆர்டி 1908 இல் தொகுத்து வெளியிட்டார். சொற்களையோ புன்முறுவலோடு ஒதுக்கி வைத்தனர். அவையும் பள்ளிக்குள் நுழையவில்லை என்பதே கரணியம்.

இதே பாடத்தை நம் வரலாறும் நமக்குச் சொல்கின்றது. வடமொழித் தண்டியின் நூலைத் தழுவிப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த தண்டியலங்காரத்தில் பொருளணிகள் முப்பத்தைந்து. அவற்றின் பெயர்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். நிரல்நிறை, தற்குறிப்பேற்றம், வேற்றுமை, பின்வருநிலை, வேற்றுப்பொருள் வைப்பு, புகழாப் புகழ்ச்சி என்று தீந்தமிழ்ப் பெயர்கள் ஒருபுறம். விபாவனை, பரியாயம், சமாகிதம், அவநுதி, சங்கீரணம் என்று வடசொற்கள் ஒருபுறம். ஒரே ஆசிரியர், ஒரே நூல். உத்பிரேட்சை என்னும் வடசொல்லுக்குத் தற்குறிப்பேற்றம் என்று பெயர்த்த அக் கை, அடுத்த அணிக்கு ஏன் சோர்ந்தது என்பது எமக்கு இன்றுவரை விளங்கவில்லை. தன் குறிப்பை ஏற்றுதல்! இதனினும் தெளிவாக ஒரு கலைச்சொல் எம் மொழியில் அமைய முடியும்?

இப் பெயர்களுள் இன்று பிள்ளைகள் அறிந்திருப்பன எவை? நிரல்நிறையும் தற்குறிப்பேற்றமும் அறிவர். சமாகிதமும் அவநுதியும் புலவர்க்கன்றிப் பிறர்க்குத் தெரியா. ‘பார்த்தீர்களா, தூயதமிழ் வென்றது!’ என்று யாம் சொல்லிவிட்டுப் போகலாம். அது முழு உண்மை ஆகாது. தீவகமும் இன்று உயிரோடிருக்கின்றது, சிலேடையும் உயிரோடிருக்கின்றது. ஏன்? அவை பள்ளிப் பாடத்திற் புகுந்துவிட்டன. சிலேடையின் இடத்தில் இரட்டுற மொழிதல் என்னும் பெயர் இப்போது வேரூன்றி வருவதும் அவ்வாறே. 2019 இல் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ஒரு பாட்டிற்குத் தலைப்பாகவே அது அமைந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அப் பெயரோடு வளர்ந்துவிட்டனர். அகரமுதலியில் நூறாண்டு கிடந்தாலும் வாராத வாழ்வு, வகுப்பறையில் ஓராண்டு வழங்கினால் ஒரு சொல்லுக்கு வந்துவிடுகின்றது. கலைச்சொற் படைப்பில் நம்மவர் காட்டும் ஊக்கத்திற் பத்தில் ஒரு பங்கையேனும் பள்ளியைக் கண்காணிப்பதிற் காட்டியிருந்தால், இன்று இவ் வாசிரியவுரைக்கே வேலை இருந்திராது. இதனை நம்மை நோக்கியே யாம் சொல்லிக்கொள்கின்றோம்.

சிமிலிக்கு உவமை, மெட்டபருக்கு உருவகம் என்று இணைப்பட்டி எழுதித் தொங்கவிட்டால் வேலை முடிந்ததா? முடியாது. இங்கேதான் பொருள் சுவைக்கத் தொடங்குகின்றது. ஆங்கில வகுப்பில், ‘லைக், ஆசு வந்தால் சிமிலி, வாராவிட்டால் மெட்டபர்’ என்று ஒரு குறுக்குவழி கற்பிக்கின்றனர். அவ் வழியையே பிள்ளை தமிழுக்கும் கொண்டுவந்தால் என்னவாகும்? ‘மதிபோல் முகம்’ என்பதில் உருபு உண்டு; ஆகவே உவமை. ‘மதிமுகம்’ என்பதில் உருபு இல்லை. ஆகவே உருவகம் என்று சொல்லிவிடுவான். பிழை! மதிமுகம் உவமைத்தொகை; உருபு மறைந்து நிற்கும் உவமையே. அதனைத் திருப்பி ‘முகமதி’ என்று போட்டால்தான் உருவகம். இரண்டே சொற்கள், இடம் மாறின, அணி மாறிற்று. ஒப்புமையாக இருந்தது ஒன்றேயாகிவிட்டது. பவளவாய், வாய்ப்பவளம் என்றும் மாற்றிப் பாருங்கள். இவ் வியத்தகு நுட்பத்தை ஆங்கிலச் சொல்லமைப்புத் தாங்காது. இதனை ஆங்கில ஆசிரியர் ஒரு மணித்துளி எடுத்துச் சொன்னால், பிள்ளை இரண்டு மொழிகளையும் ஒரே நேரத்திற் கற்றுக்கொள்வான். ஒவ்வொன்றின் இயல்பும் மற்றதன் ஒளியில் விளங்கும்.

தொல்காப்பியர் பொருளதிகாரத்தின் ஏழாம் இயலாக உவமவியலை வைத்தார். தொழில், பயன், வடிவு, நிறம் என்னும் நான்கன் அடியாக உவமை தோன்றும் என்று வகுத்தார். புலி போலப் பாய்ந்தான் என்பது தொழில். மழை போல வழங்கும் கை என்பது பயன். துடி போலும் இடை என்பது வடிவு. பொன் போலும் மேனி என்பது நிறம். ஓர் ஆங்கிலப் பாட்டில் வரும் சிமிலியை எடுத்து, “இது வினையா, பயனா, மெய்யா, உருவா?” என்று ஆசிரியர் கேட்டுப் பார்க்கட்டும். ‘லைக், ஆசு’ என்பதோடு நின்றுபோன மூளை அப்போதுதான் வேலை செய்யத் தொடங்கும். ஆங்கிலப் பாட்டைத் தமிழ் இலக்கணத்தால் திறக்கலாம் என்பதை அப் பிள்ளை தன் கையாலேயே செய்து பார்த்துவிடுவான். அதன்பின் தமிழ் பழையது, ஆங்கிலமே அறிவு என்று அவனிடம் எவர் சொன்னாலும் எடுபடாது.

மோனையை எடுத்துக்கொள்வோம். அல்லிட்டரேசன் என்று ஒரு பெயரோடு ஆங்கிலம் அமைகின்றது. அருகருகே ஒரே மெய்யொலி வந்தால் அப் பெயர். நம் யாப்போ நாற்சீரடியில் மோனை நிற்கும் இடங்களை ஏழாகப் பிரித்தது. முதலிரு சீரில் வந்தால் இணை. ஒன்றிலும் மூன்றிலும் வந்தால் பொழிப்பு. ஒன்றிலும் நான்கிலும் ஒரூஉ. முதல் மூன்றிலும் கூழை. இரண்டாம் சீர் ஒழிய மேற்கதுவாய். மூன்றாம் சீர் ஒழியக் கீழ்க்கதுவாய். நான்கிலும் வந்தால் முற்று. எழுத்து அதுவாகவே வரவேண்டும் என்பதும் இல்லை. சகரத்திற்குத் தகரமும், ஞகரத்திற்கு நகரமும், மகரத்திற்கு வகரமும் உறவெழுத்தாய் வந்து மோனை காக்கும். இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் எதுகைக்கோ ஆங்கிலத்திற் பெயரே இல்லை. அடியின் இறுதி ஒன்றுவதை அவர்கள் ரைம் என்பர். நமக்கு அது இயைபு. ‘ரைம் இசுகீம்’ என்று அ, ஆ குறித்துக் கணக்கிட்டுக் காட்டும் பயிற்சி நம் பிள்ளைகட்கு எளிதே. எதுகை கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு அது விளையாட்டு. ஆனால், அவ் வுறவை அவனுக்கு யாரும் காட்டுவதில்லை. (இன்னொன்று: ஆங்கிலத்திற் புட்டு என்றால் அடி. ஆனால், பாட்டில் அது நம் சீருக்கு ஒப்பானது. நம் அடியோ அவர்களுடைய லைன். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவன் வழுக்கி விழும் இடம் இது.)

எல்லாவற்றினும் சுவையானது தற்குறிப்பேற்றம். இளங்கோவடிகள் மதுரைக் கோட்டைமதிலிற் பறந்த கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் வாராதீர் என்று கைகாட்டி மறித்தனவாகப் பாடினார். காற்றிற் கொடி அசைவது இயல்பு. அதன்மேற் புலவன் தன் உள்ளக் குறிப்பை ஏற்றினான். ஆங்கிலத் திறனாய்வாளர் சான் இரசுகின், இயற்கைப் பொருள்மேல் மாந்த உணர்வை ஏற்றுவதற்கு 1856 இல் ஒரு பெயர் வைத்தார். பெத்தட்டிக்குப் பால்லசி என்பது அப் பெயர். ‘உணர்ச்சி வயப்பட்ட பிழைக்காட்சி’ என்று அதற்குப் பொருள். உணர்ச்சி மிகுந்த உள்ளம் பொருளை உள்ளவாறு காணாமையாகிய குறை என்று அவர் அதனைக் கருதினார். ஒரு மொழியில் அணி. மற்றொரு மொழியில் வழு! இதில் யார் சொன்னது பொருந்தும் என்று மேல்நிலை வகுப்பு மாணவரைச் சொற்போரிட வைத்தால், அவ் வகுப்பு எத்துணைக் கிளர்ச்சியாய் இருக்கும்! எமக்கு ஐயமில்லை, இளங்கோவின் பக்கமே யாம். ஆயின், இரசுகினின் கருத்தையும் பிள்ளைகள் அறியட்டும், அறிந்தே மறுக்கட்டும்.

உயிரற்றவற்றை உயிருள்ளனவாய்ப் பேசுவதற்குப் பெர்சானிபிகேசன் என்கின்றனர். கேட்பன போலவும் பேசுவன போலவும் நடப்பன போலவும் அஃறிணைப் பொருள்களைச் சொல்லும் மரபை நன்னூலார் பொதுவியலில் விதித்தே வைத்தார். பெயர்தான் சுருக்கமாக ஒன்று வைக்கவில்லை. ‘ஆள்மையேற்றம்’ என்று சொல்லலாமென்பது எம் கருத்து. இதனினும் சிறந்தது இருப்பின் அன்பர்கள் எழுதுக. மெட்டானிமியும் சினெக்டக்கியும் பட்டதாரி வகுப்பு வரைக்கும் ஆங்கில மாணவரை அச்சுறுத்துவன. நம் பிள்ளைக்கோ அவை ஆகுபெயர். ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊரிலுள்ள மாந்தர் சிரித்தனர் என்பது அவனுக்கு எட்டாம் வகுப்பிலேயே தெரியும். தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லித் தருவார்தாம் இல்லை.

நம்மிடம் இருந்து அவர்களிடம் இல்லாததும் உண்டு. தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை மட்டும் காட்டி, உவமிக்கப்படும் பொருளை முற்றும் மறைத்து, கேட்பவன் உள்ளத்தில் மட்டும் அது மலரவைக்கும் உள்ளுறை உவமத்திற்கு ஆங்கிலத்தில் நேர்சொல் இல்லை. கழகப் பாக்களை ஆங்கிலத்திற் பெயர்த்த ஏ.கே. இராமானுசன், ‘உள்ளே பொருத்தப்பட்டது’ என்னும் பொருளில் இன்செட்டு என்னும் எளிய ஆங்கிலச் சொல்லை அதற்குத் தேர்ந்தார். கிரேக்கத்திலோ இலத்தீனத்திலோ போய் அவர் கடன் வாங்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்க. தமிழ்க் கலைச்சொல்லை ஆங்கிலமாக்க வந்தவர் ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லைத் தேடினார். ஆங்கிலக் கலைச்சொல்லைத் தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்ல வருபவர் மட்டும் ‘அப்படியே உருப்போடு’ என்கின்றார்.

அணிகளைப்பற்றி இவ்வளவு சொன்ன பின், ‘வொக்காபுலரி’ என்னும் சொற்பட்டியலைப்பற்றியும் சிறிது சொல்லவேண்டும். பாடந்தோறும் பத்து, இருபது சொற்கள்; ஒவ்வொன்றிற்கும் இணைச்சொல், எதிர்ச்சொல். தெரியாத ஆங்கிலச் சொல்லுக்குப் பொருளாகத் தெரியாத இன்னோர் ஆங்கிலச் சொல்லையே எழுதி உருப்போடுகின்றனர். பெனவலண்ட்டு என்பதற்குக் கைண்டு என்று ஒப்பிக்கும் பிள்ளையை, இரண்டிற்கும் தமிழில் என்னவென்று கேட்டால் விழிக்கின்றது. பெனவலண்ட்டு என்பது ‘நன்று’ என்னும் இலத்தீன் சொல்லும் ‘விழைதல்’ என்னும் இலத்தீன் சொல்லும் கூடியது. நன்று விழைபவன், நல்லெண்ணத்தான். மானுசுகிரிப்டு, கையும் எழுத்தும் கூடியது. கையெழுத்துப்படி என்று நாம் சொல்வதும் அதுவே. பயோகிராபி, வாழ்வும் எழுத்தும். வேரைக் காட்டிவிட்டால் பத்துச் சொல்லுக்கு ஒரு வேர் போதும். வேர்ச்சொல்லாய்வில் பாவாணர் காட்டிய வழியில் நடப்பவர்கட்கு இது புதிதன்று. ஆனால், தமிழ்ச் சொல்லின் வேரை ஆராயும் நம்மவர், ஆங்கில வகுப்பிலும் அந்த வேர்காணும் பழக்கத்தை விதைக்கலாம் என்று எண்ணியதில்லை. தொலைபேசி என்பதில் தொலைவும் பேச்சும் தெரிகின்றன. டெலிபோன் என்பதில் அவை கிரேக்கப் போர்வைக்குள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. இதனைக் கண்ட பிள்ளை, கலைச்சொல் ஏன் தாய்மொழியில் இருக்கவேண்டும் என்று நாம் கூட்டம் போட்டுச் சொல்வதைத் தானே உணர்ந்துகொள்ளும்.

செய்யவேண்டியது என்ன? ஆங்கில ஆசிரியர் சிமிலி என்று கரும்பலகையில் எழுதும்போது, பக்கத்தில் உவமை என்று எழுதட்டும். அதற்கு அரசாணை வேண்டா. சுண்ணக்கட்டி ஒன்று போதும். தமிழாசிரியரும் தம் பங்குக்கு, “இதனை ஆங்கில வகுப்பில் என்ன பெயரால் படித்தீர்கள்?” என்று கேட்கட்டும், அவ்வாறு கேட்பதால் தமிழ் தாழ்ந்துவிடாது. ஆங்கில வழியிற் படிக்கும் பிள்ளைகட்கு இது இன்னும் இன்றியமையாதது. அவர்களுட் பலர்க்குச் சிமிலி தெரிந்து உவமை தெரியவில்லை. ஒரே பள்ளியில் ஒரே ஓய்வறையில் அமர்ந்திருக்கும் இவ் வீராசிரியரும் திங்களுக்கு ஒருமுறை தத்தம் பாடக்குறிப்பை மாற்றிப் பார்த்துக்கொண்டால் போதும். பாடநூல் யாக்கும் குழுவினர், ஆங்கிலப் பாடநூலின் இறுதியில் அணிப்பெயர்கட்கு இணையான தமிழ்ப் பெயர்களையும், ஒவ்வாத இடங்களையும் ஒரே பக்கத்தில் அச்சிடலாம். மதிமுகமும் முகமதியும் அப் பக்கத்தில் இடம்பெறல் வேண்டும். பெற்றோர் செய்யக்கூடியது, பிள்ளை உருப்போடும்போது அருகிருந்து, “இதற்குத் தமிழில் என்ன?” என்று கேட்பது. விடை அவர்கட்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதில்லை. கேட்டாலே பிள்ளை தேடும்.

ஆங்கிலம் கற்பிக்கும் நம் அன்பர்கள் பலர் இவ் விதழைப் படிக்கின்றனர் என்பதை யாம் அறிவோம். அவர்கள், தத்தம் வகுப்பிற் கற்பிக்கும் ஆங்கில அணிப்பெயர்களையும், அவற்றிற்குத் தாம் வழங்கும் தமிழ்ப் பெயர்களையும், எங்கே இரண்டும் ஒத்துவருகின்றன, எங்கே மாறுகின்றன என்பதனையும் எழுதி விடுக்க வேண்டுகின்றோம். ஆள்மையேற்றம் போன்ற புதுப்பெயர்களைப்பற்றிய மறுப்புகளையும் வரவேற்கின்றோம். வந்தவற்றைத் தொகுத்து அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம். பள்ளிகளுக்குத் தனித்தாளாகவும் அச்சிட்டு விடுப்போம். முதற் பட்டியல் எம் பெயர்த்தியின் குறிப்பேட்டினின்று வந்துவிட்டது. பதினொரு பெயர்கள் எழுதியிருக்கின்றாள். ஒன்பதுக்குத் தமிழ் கண்டுபிடித்துவிட்டாள். எஞ்சிய இரண்டையும் அந்த மாணவனிடம் கேட்கப்போவதாகச் சொல்கின்றாள்.